விரல் பட்டால் திறக்கும் வீடு

ஆரணி, கவின்,

போன கிழமை வெரிபீயில் நடந்த கலியாணத்தில் மாமியைக் கண்டீர்கள். சாப்பிட்டு முடிந்த பிறகும் அவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று பார்த்தபடி இருந்தார். வலது கையில் சோறும் கறியும். இடது கை எழும்பாது. கவின் ஓடிப்போய் அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்தான். திரும்பி வரும்போது காருக்குள் ஆரணி கேட்டாள், மாமியின் கைக்கு என்ன நடந்தது என்று. கார் விபத்து என்று சொன்னேன். அம்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சொன்னது பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப்பிழை இருக்கும். அதைத் திருத்துவதற்கு உங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இருந்து வாசியுங்கள்.

இது மாமாவைப் பற்றியது. மாமியின் புருஷன். எங்களுக்கு இரத்தச் சொந்தம் இல்லை. நான் அவரை அண்ணை என்றும் மாமியை அக்கா என்றும் கூப்பிட்டபடியால் உங்களுக்கு அவர்கள் மாமா, மாமி. அவருடைய பெயரை எழுதமாட்டேன். மாமி அந்தப் பெயரை இப்போது சொல்வதில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

அவர்களுடைய வீடு ஆரணிக்குக் கொஞ்சமாவது ஞாபகம் இருக்கும். டண்டினொங்கில் ரெயில் பாதைக்குக் கிட்ட, கராஜோடு ஒட்டிக் கட்டிய பழைய வாடகை வீடு. அந்த வீட்டில் எதையும் இழுக்கவோ தள்ளவோ தேவையில்லை. கேற்றின் கொளுக்கி விரல் பட்டால் விழும். குசினி லாச்சிகள் சும்மா தொட்டாலே நழுவி வெளியே வரும். தண்ணீர்ப் பைப்பை ஆரணி கன்னத்தால் தள்ளித் திறப்பாள். முன்கதவு காற்றுக்குத் தானே திறந்துகொள்ளும். மாமி நாளுக்கு நாலு தரம் எழும்பிப்போய் அதைச் சாத்திவிட்டு வருவார்.

"இந்த வீட்டிலை கள்ளன் வந்தால் அவனுக்குத் தேத்தண்ணியும் குடுத்து விடலாம்" என்பார் மாமி.

மாமா சிரிப்பார். இறுக்கமான சாமானைக் கண்டால் அவருக்குப் பல்லுக் கூசும். அப்படித்தான் எனக்குத் தோன்றும். போத்தல் மூடி, கதவுப் பிடி, குழந்தைச் சைக்கிளின் பிரேக், எதுவாக இருந்தாலும் கையில் எடுத்து இரண்டு தரம் அசைத்துப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன அரத்தை எடுப்பார். அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார்.

"கொம்பனிக்காரன் பயந்து பயந்துதான் செய்வான், தம்பி. சாமானை வாங்கினவன் அந்தப் பயத்தைக் கழட்டி எடுக்கவேணும்."

நான் அவரை முதலில் கண்டது தொழிற்சாலையில். ட்ரக்குகளுக்கான இரும்புத் தகடுகளை வளைத்து ஓட்டை போடுகிற இடம். நான் சேர்ந்த முதல் கிழமை. என் மெஷினில் ஒரு கைப்பிடி இருந்தது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அதைக் கீழே இழுக்கவேண்டும். மூன்றாம் நாள் எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. வேலை போய்விடுமோ என்று யாருக்கும் சொல்லாமல் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வேலை செய்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து கைப்பிடியை இழுத்தால் அது வெண்ணெய் மாதிரி இறங்கியது. பக்கத்து மெஷினில் அவர் என்னைப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய சாப்பாட்டுப் பெட்டி மூடியபடியே கிடந்தது. தன்னுடைய அரைமணித்தியாலத்தை எனக்குத் தந்திருந்தார்.

"அண்ணை, நீங்களோ?"

"கை வீங்கினால் வீட்டிலை பிள்ளையை எப்பிடித் தூக்குவீர்?" என்றார்.

நான் வீட்டில் பிள்ளை இருப்பதை அவருக்குச் சொன்னதே இல்லை. என் பையில் பால்புட்டி மூடி ஒன்று கிடந்ததைக் கண்டிருக்கிறார். அவர் அப்படிப்பட்ட மனிதர். இதை நீங்கள் மறக்கக்கூடாது. கீழே நான் எழுதப்போவதை வாசித்த பிறகும் மறக்கக்கூடாது.

அவருடைய மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு இருந்தது. அது மூடினால்தான் மெஷினின் மேல்பகுதி இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக்கூடாது என்பதற்காக வைத்தது. அவர் அந்தக் கதவுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டார். எங்களுடைய சூப்பவைசர் ஒரு கிரேக்கக் கிழவர். அதைக் கண்டுபிடித்து, கத்தி, உனக்கு எத்தனை விரல் என்று கேட்டார். மாமா பத்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"எண்ணிப் பார்" என்றார் இங்கிலீஷில்.

அடுத்த நாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாசித்தார். நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்குக் கீழே வைத்தார். மேசை ஆடுவது நின்றது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கவின், நீ பிறந்து ஆறு மாதத்தில் இன்னொன்று நடந்தது. உன் தள்ளுவண்டியின் பிரேக்கை அம்மாவால் காலால் அழுத்த முடியவில்லை, ஒப்பரேஷன் செய்த வயிறு வலிக்கிறது என்று சொன்னார். அதை மாமா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. அம்மா கால் பெருவிரலால் தொட்டால் பிரேக் விழும், தொட்டால் எழும்பும். அம்மாவுக்குச் சந்தோஷம். இரண்டு கிழமை கழித்து மார்க்கெட்டின் கார் தரிப்பிடத்தில் நான் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தபோது வண்டி தானாக உருளத் தொடங்கியது. அந்த இடம் சரிவு. ஆப்கான்காரர் ஒருவர் தன் மரக்கறிப் பைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தார். நீ நித்திரை. தக்காளிப்பழம் எல்லாம் உருண்டு போனது. நான் அவருக்குப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே அழுதேன்.

வீட்டுக்கு வந்து பிரேக்கை நானே பழையபடி இறுக்கினேன். மாமாவுக்குச் சொல்லவில்லை. மனம் நோகும் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த முறை வண்டியைக் கண்டவுடனேயே குனிந்து காலால் தட்டிப் பார்த்தார்.

"ஆர் இதை இறுக்கினது?"

"நான்தான் அண்ணை. சும்மா."

"சும்மா இறுக்கினனீரோ?" என்று கேட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் உன்னைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அன்றைக்கே வாயைத் திறந்து, அண்ணை, நீங்கள் இளக்கியதால் பிள்ளை உருண்டு போகப் பார்த்தது என்று சொல்லியிருந்தால் அவர் தன் கையைப் பற்றிக் கொஞ்சமாவது யோசித்திருப்பார். இப்போது அப்படி நினைக்கிறேன். அப்போது மரியாதை என்று நினைத்தேன்.

இனித் துவக்குக் கதை.

கிப்ஸ்லாண்ட் பக்கம் ஒரு பண்ணைக்காரர் செத்துப்போக, அவருடைய மகன் கொட்டகையிலிருந்த பழைய இரும்புச் சாமான்களை விற்றான். மாமா ஒரு லேத் மெஷினை வாங்கிக்கொண்டு வந்து கராஜில் வைத்தார். அது வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வழக்கம்போல ஆரணியைக் குசினியில் மாமியோடு விட்டுவிட்டு நான் கராஜுக்குள் போனேன். வேலை மேசையில் எண்ணெய் ஊறிய பேப்பரின் மேல் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் கோழி எலும்பு மாதிரி வரிசையாகக் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு துவக்கு.

"உது என்ன அண்ணை?"

"கண் தெரியேல்லையோ? துவக்கு."

"ஆற்றை?"

"செத்த மனிசன்ரை. முயலுக்கு வச்சிருந்திருக்கிறான். லேத்தின்ரை அடியிலை சாக்காலை சுத்திக் கிடந்தது. மகனுக்கே தெரியாது."

"லைசன்ஸ்?"

"உந்தச் சாதித் துவக்குக்கு எங்களைப்போலை ஆக்களுக்கு லைசன்ஸே குடுக்கமாட்டாங்கள். ஒண்டு போனவுடனை அடுத்த ரவையைத் தானே ஏத்திக்கொள்ளும். எப்பவோ தடை செய்தாச்சு."

இன்றைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். நான் பின்பக்கக் கதவைச் சாத்தப் போனேன். அது பூட்டாமல் திரும்பத் திறந்துகொண்டது.

"பிறகேன் வச்சிருக்கிறியள்?"

"இதின்ரை விசையைத் தொட்டுப் பாரும். கல்லு. இழுக்க இழுக்க அரைபடுது. இதாலை ஒருத்தனும் ஒரு முயலையும் சுட்டிருக்கமாட்டான். உள்ளுக்கிருந்த துண்டுகளைக் கழட்டிப்போட்டு வேறை செய்து போடுறன்."

"சுடுறதுக்கோ?"

"சீ. ஆரைச் சுட? வேலை செய்யுதோ எண்டு பாக்க."

அவர் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் நம்புகிறேன். யாரையும் சுடவேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்கு அது ஒரு லாச்சி, ஒரு தண்ணீர்ப் பைப். இறுக்கமாக இருந்தது, இளக்கவேண்டும். அவ்வளவுதான்.

துவக்கின் வாய் குசினிச் சுவரைப் பார்த்துக் கிடந்தது. சுவர் என்றால் கல் அல்ல, பிளாஸ்டர் பலகை. அந்தப் பக்கத்தில் இருந்து உன் குரல் கேட்டது, ஆரணி. மாமிக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாய். ஊவன்னாவில் வழக்கம்போல நின்று, திரும்பத் தொடங்கினாய். நான் துவக்கை நகர்த்தி அதன் வாயை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன்.

"வெறும் துவக்கு தம்பி, உள்ளுக்கு ஒண்டுமில்லை" என்று அவர் சிரித்தார்.

அன்றைக்கு நேரத்தோடு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை தொழிற்சாலையில் அவரோடு தனியாக இருக்கும்போது சொன்னேன். இந்த நாட்டில் அப்படிப்பட்டதைக் கொண்டுபோய்க் கொடுக்க வழி இருக்கிறது, துவக்கு விற்கிற கடையிலேயே வாங்குவார்கள், எப்படி வந்தது என்று கேட்கமாட்டார்கள், பொதுமன்னிப்பு என்று விசாரித்து வைத்திருந்தேன்.

அவர் தகட்டை மெஷினில் வைத்தார். ஓட்டை விழுந்தது. அடுத்த தகட்டை வைத்தார்.

"பொதுமன்னிப்பு" என்றார். "அங்கையும் ஆமிக்காரங்கள் சொன்னவங்கள். ஸ்பீக்கரிலை. இயக்கத்திலை ஒருநாள் இருந்தவனும் வரலாம், ஒண்டும் செய்யமாட்டம், பேர் பதிஞ்சுபோட்டு விட்டுவிடுவம் எண்டு. என்ரை தம்பி மாட்டன் எண்டவன். நான்தான் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய் பஸ்ஸிலை ஏத்திவிட்டனான்."

அவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இது அந்த நாடில்லை அண்ணை."

"ஓம். இது அந்த நாடில்லை" என்றார். "நான் அந்த ஆள்தானே."

அதற்குப் பிறகு நான் அவரோடு அதைப் பேசவில்லை. வேறு யாரோடும் பேசவில்லை. பொலிசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். நாங்கள் வளர்ந்த இடத்தில், முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு இராணுவத்தின் பக்கத்தில் நின்று, வரிசையில் வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறவன் ஒருவன் இருப்பான். அவன் ஆட்டினால் அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டான். தலையாட்டி என்பார்கள். அதைவிடக் கேவலமான பெயர் எங்களுக்கு இல்லை. ரெலிபோனை எடுத்தால் நான் தலையாட்டி என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்த நாட்டுச் சிற்றிசனாவதற்கான என்னுடைய விண்ணப்பம் அப்போது போட்டுக் கிடந்தது. பொலிசின் புத்தகத்தில் என் பெயர் எந்த வழியாகவும் ஏறிவிடக்கூடாது என்பதும் என் மனதில் இருந்தது. எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். உங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினேன்.

முதல் ஞாயிறு, ஆரணிக்குக் காய்ச்சல் என்றேன். இரண்டாவது ஞாயிறு, கவினுக்கு ஊசி போட்டது என்றேன். அம்மாவிடமும் பொய்தான் சொன்னேன், மாமி வீட்டில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள், சின்னப்பிள்ளைகளுக்குக் கூடாது என்று. மூன்றாவது ஞாயிறு மாமி ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, பிள்ளையள் ஏன் வாறேல்லை? நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

"சீச்சீ அக்கா. என்ன கதை இது?"

"ஆரணிக்கு எண்டு சூசியம் சுட்டு வச்சிருக்கிறன். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தது நான். இப்ப மறந்துபோவாள்."

"அடுத்த கிழமை கட்டாயம் கூட்டிவாறன் அக்கா."

"கவினுக்கு இப்ப பல்லு வந்திருக்குமே?"

"வந்திட்டுது. மேலை ரெண்டு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் எனக்கும் இடையில் ஒரு வசனம்தான் இருந்தது. அக்கா, கராஜுக்குள் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அவ்வளவுதான். பொலிஸ் வேண்டாம், ஒருவரும் வேண்டாம். மாமி கராஜுக்குள் போகிற ஆள் இல்லை, எண்ணெய் மணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. துவக்கு இருப்பது அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் நான் ஏன் போவான் என்று நினைத்து, சரி அக்கா வைக்கிறன் என்றேன்.

ஐந்தாவது ஞாயிறு பகல் பதினொரு மணி போல மாமா ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, கெதியாய் வாரும். அக்காவுக்குப் பட்டிட்டுது."

"என்ன பட்டது?"

"சுவராலை வந்து பட்டிட்டுது."

"அம்புலன்சுக்கு அடிச்சனீங்களோ?"

"இல்லை. உமக்குத்தான் அடிக்கிறன்."

நான் வைத்துவிட்டு அம்புலன்சுக்கு அடித்தேன். விலாசம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை, அம்மா பறித்துச் சொன்னார். அந்த இரண்டு மூன்று நிமிஷம் அவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வீணாய்ப் போனது. மாமிக்குக் கையோடு முடிந்தது அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

நடந்தது இதுதான். தான் செய்து போட்ட துண்டுகளோடு துவக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, சாக்குக்குள் இருந்த பழைய ரவைகளைப் போட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்று உள்ளே நின்றுவிட்டது. அவருக்குத் தெரியாது. மேசையில் வைக்கும்போது அது மேசை விளிம்பில் மெல்லத் தட்டுப்பட்டிருக்கிறது. யாரும் விசையில் கை வைக்கவில்லை. அவ்வளவு இளக்கமாகச் செய்திருந்தார்.

மாமி சுவரோடு இருந்த கதிரையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

நான் போனபோது மாமா வாசலில் நின்றார். கைகள் இரண்டும் சிவப்பு. பொலிஸ்காரப் பெண் ஒருத்தி கையை முன்னால் நீட்டச் சொன்னாள். நீட்டினார். விலங்கு போட்டபோது அவர் அதன் பூட்டைப் பார்க்கவில்லை. எந்தப் பூட்டையும் ஒருதரம் பார்க்காமல் விடாத மனிதர் அவர். பொலிஸ் என்னிடம் பெயரும் விலாசமும் கேட்டது. முதலே தெரியுமா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் பெயர் ஏறவேண்டிய புத்தகத்தில் சாட்சி என்றுகூட இல்லை, அயலவன் என்றுதான் ஏறியது. சிற்றிசன் கடிதம் எந்தக் கேள்வியும் இல்லாமல் வந்தது.

அவர் கோர்ட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போனார். நான் ஒரே ஒருதரம் பார்க்கப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்துகொண்டு பேசினார். மாமியைப் பற்றிக் கேட்டார், உங்களைப் பற்றிக் கேட்டார். என் கதிரை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கால் கட்டை. அவருடைய கண் இரண்டுமுறை அந்தக் காலுக்குப் போனது. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டார்.

"போட்டு வாரும் தம்பி" என்றார். "இனி வராதையும்."

வெளியே வந்தபின் சிட்னிக்குப் போய்விட்டார். ஒரு சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார் என்று கேள்வி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மாமி வெரிபீயில் தங்கச்சியோடு இருக்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னும் சொல்லி முடியவில்லை.

மாமிக்கு மூன்றாவது ஒப்பரேஷன் முடிந்து அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கஞ்சி கட்டித் தந்திருந்தார். மாமி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தோளிலிருந்து விரல்வரை கட்டு. நான் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"அதுக்குத்தான் பிள்ளையளைக் கூட்டி வராமல் விட்டனீர்."

கேள்வி மாதிரி இல்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமையையும் படுக்கையில் கிடந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்திருக்கிறார். காய்ச்சல், ஊசி, எல்லாம்.

இல்லை என்று சொல்லலாம். வேறு ஒருவருக்கும் தெரியாது. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"ஓம் அக்கா."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ரீவி பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆரணி எந்தக் கதிரையிலை இருக்கிறவள்?"

"சுவரோடை இருக்கிறதிலை."

"ஓம். அதிலைதான்" என்றார். பிறகு, "நல்லது. பிள்ளையைக் காப்பாத்திப்போட்டீர்."

குத்திச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நான் கஞ்சியை எடுத்து நீட்டினேன்.

"வச்சிட்டுப் போம்" என்றார். "எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், தம்பி. ஒரேயொரு சொல்லு."

ஆரணி, கவின். உங்களை நான் காப்பாற்றியது உண்மை. அந்தக் கதிரையில் வேறு யார் இருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. ஆரணி, நீ வரமாட்டாய் என்பதோடு என் நினைப்பு நின்றுவிட்டது. இதை விட நல்லபடியாக எனக்கு எழுதத் தெரியவில்லை. நாளைக்கு நீங்கள் வேலை செய்கிற இடத்திலோ, சிநேகிதர் வீட்டிலோ இப்படி ஒன்றைக் கண்டால், உங்கள் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டாம். மனிதர் நோகட்டும். பெயர் கெடட்டும். சொல்லுங்கள்.

வீட்டைத் திருப்பிக் கொடுக்கிற மாதம் வந்தது. கராஜில் இருந்த வேலை மேசையை விட்டு மற்றச் சாமான்களை மாமியின் தங்கச்சியின் ஆட்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏஜென்ட் வந்து பார்க்க முதல் சுவரைச் சரிசெய்யவேண்டும், யாரையாவது பிடித்துத் தர முடியுமா என்று தங்கச்சி கேட்டார். பார்க்கிறேன் என்று வீட்டுத் திறப்பை வாங்கி, யாரையும் பிடிக்காமல், ஒரு புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானே போனேன். ஹார்ட்வெயார் கடையில் ஒரு வாளி பூச்சும் ஒரு தகட்டுக் கரண்டியும் வாங்கினேன்.

கராஜ் பக்கம் ஓட்டை என் சின்னவிரல் அளவு. குசினிப் பக்கம் பிய்ந்து, கைப்பிடி அளவுக்கு இருந்தது. நிலத்தில் முழங்காலில் இருந்தால்தான் கண்ணுக்கு நேரே வந்தது. பூச முதல் அதற்குள்ளால் பார்த்தேன். மேசையின் விளிம்பு தெரிந்தது. மேசைக்கு முன்னால், அன்றைக்கு நான் நின்ற அந்த ஒரு அடி சீமெந்துத் தரை தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

பழைய உதிரிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, வலைத்துண்டு ஒட்டி, முதல் பூச்சைப் பூசினேன். காய்ந்ததும் அரத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டாவது பூச்சு. சுவர் பழைய பால்நிறம், பூச்சு வெள்ளை. எப்படிப் பார்த்தாலும் தெரியும். அது காயும்வரை குசினித் தரையில், அந்தக் கதிரை இருந்த இடத்தில், ஈரமான சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.